இரண்டு மாணவர்கள்... ஒரே கோபுரம்!



முழுப் பரீட்சையின் கடைசி நாளன்று வீட்டுக்கு எப்படி வருவீர்கள்? பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்! "இந்த லீவுக்கு எந்த ஊருக்குப் போகிறோம்?" என்பதுதான் முதல் கேள்வி. பாட்டி ஊரோ, சித்தி வீடோ, ஊட்டியோ, கன்னியாகுமரியோ... விடுமுறை என்றால் எங்காவது போய் வந்தால்தான் மனம் நிறையும், இல்லையா?

வெளிநாட்டில் படிக்கும் மாணவர்களுக்கும் இதே ஆசை உண்டு. ஐரோப்பாவில் படிக்கும் நம் ஊர் அண்ணன்களும் அக்காக்களும் லீவு விட்டதும் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். அங்கே நாடுகள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. காலையில் ஒரு நாட்டில் காபி, மாலையில் இன்னொரு நாட்டில் டிபன்!

நூறு ஆண்டுகளுக்கு முன்பே இப்படி ஐரோப்பிய நகரங்களைச் சுற்றிய இந்திய மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருவருடைய படம் ரூபாய் நோட்டில் இருக்கிறது. இன்னொருவர் பிறந்த நாளில் உங்கள் பள்ளியில் மிட்டாய் கொடுப்பார்கள்!

கண்டுபிடித்து விட்டீர்களா? காந்தித் தாத்தாவும் நேரு மாமாவும்தான்! தாத்தாவாகவும் மாமாவாகவும் ஆவதற்கு முன்னால் அவர்களும் மாணவர்கள்தானே? இருவரும் ஏறக்குறைய இருபது வயதில் பாரீஸ் நகரத்துக்குப் போனார்கள். இருவரும் ஈபிள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். ஆனால், இருவருக்கும் தோன்றியது ஒன்றல்ல. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

கையில் வரைபடம், காலில் நடை!

மோகன்தாஸ் காந்தி 1888ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பம்பாயில் கப்பல் ஏறினார். லண்டனில் சட்டம் படித்து பாரிஸ்டர் ஆக வேண்டும் என்பது திட்டம். புறப்படும்போது அவருக்கு 19 வயதுகூட நிறையவில்லை. மாமிசம் தொடமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது பாரீஸ் பொருட்காட்சியைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்தார். பிரெஞ்சுப் புரட்சி நடந்து நூறு ஆண்டுகள் ஆனதைக் கொண்டாட நடத்திய மாபெரும் பொருட்காட்சி அது. அதற்காகவே கட்டப்பட்டதுதான் ஈபிள் கோபுரம். முழுக்க முழுக்க இரும்பு! உயரம் ஏறத்தாழ 1,000 அடி! அவ்வளவு உயரமான கட்டடம் பத்திரமாக நிற்குமா என்று பலருக்கும் சந்தேகம். பொருட்காட்சியையும் பார்க்கலாம், பாரீஸையும் பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டார் காந்தி.

இன்று லண்டனில் ரயில் ஏறினால் கடலுக்கு அடியில் உள்ள சுரங்கப் பாதை வழியாக இரண்டே கால் மணி நேரத்தில் பாரீஸ் போய்விடலாம். அந்தச் சுரங்கம் திறக்கப்பட்டது 1994ஆம் ஆண்டில். காந்தி காலத்தில் அதெல்லாம் கிடையாது. கடற்கரை வரை ரயில், கடலைக் கடக்கக் கப்பல், அக்கரையில் மறுபடியும் ரயில்.

பாரீஸில் சைவ உணவு விடுதி ஒன்று இருப்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தார். அங்கேயே ஓர் அறை எடுத்து ஏழு நாள் தங்கினார். ஊர் சுற்ற வண்டி வைத்துக்கொண்டாரா? இல்லை. பாரீஸ் நகர வரைபடம் ஒன்று, பொருட்காட்சியின் வரைபடம் ஒன்று. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பெரும்பாலும் நடந்தே பார்த்தார். லண்டனிலும் அவர் தினமும் மைல் கணக்கில் நடப்பவர். பிற்காலத்தில் தண்டி யாத்திரை போன கால்களுக்கு அப்போதே பயிற்சி கிடைத்துவிட்டது!

ஏழு ஷில்லிங் சாப்பாடு

காந்தி செலவுக் கணக்கு எழுதுவதில் மிகவும் கண்டிப்பானவர். சல்லிக்காசு செலவானாலும் எழுதிவிடுவார். லண்டனில் ஒரே ஓர் அறையில் தங்கி, காலையில் தானே ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் குடித்தார். இரவில் ரொட்டியும் கோகோவும். இப்படி ஒரு நாளைக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸில் சாப்பாட்டை முடித்துக்கொண்ட காலமும் உண்டு.

அப்படிப்பட்டவர் ஈபிள் கோபுரத்தில் என்ன செய்தார் தெரியுமா? கோபுரத்தின் முதல் தளத்தில், தரையிலிருந்து 57 மீட்டர் உயரத்தில், உணவு விடுதி இருந்தது. 'அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்' என்று சொல்லிக்கொள்வதற்காகவே ஏழு ஷில்லிங் கொடுத்து மதிய உணவு சாப்பிட்டார்!

எங்கே, ஒரு கணக்குப் போடுங்கள் பார்க்கலாம். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஏழு ஷில்லிங் என்றால் 84 பென்ஸ். 1 ஷில்லிங் 3 பென்ஸ் என்றால் 15 பென்ஸ். 84ஐ 15ஆல் வகுத்தால்? ஐந்தரை நாளுக்கும் மேலான சாப்பாட்டுச் செலவு ஒரே வேளையில் போயிற்று! இதைச் சுயசரிதையில் எழுதும்போது, அந்தப் பணத்தை வீணாக்கியதாகவே சொல்கிறார் காந்தி.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? எனக்கும்தான். பொருட்காட்சிக்குப் போனால் ராட்சத ராட்டினத்தில் இன்னொரு முறை ஏற வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த இருபது வயது காந்திக்கும் அதிக தூரமில்லை. ஆனால், ஒரு வித்தியாசம் உண்டு. அவர் அந்தச் செலவை மறைக்கவில்லை, மறக்கவும் இல்லை.

கோபுரத்தில் இரண்டு மூன்று தடவை ஏறிய காந்தியின் மனதில் நின்றது அந்தக் கோபுரம் அல்ல. பாரீஸின் பழைய தேவாலயங்கள்தான்! முக்கியமாக நாட்டர்டாம் தேவாலயம். அதன் அமைப்பு, உள்ளே இருந்த சிற்பங்கள், முழங்காலிட்டுப் பிரார்த்தனை செய்த மக்கள், அங்கே நிலவிய அமைதி ஆகியவற்றைப் பல ஆண்டுகள் கழித்தும் நினைத்து எழுதினார். ஈபிள் கோபுரத்தையோ, பொருட்காட்சியில் வைத்த ஒரு விளையாட்டுப் பொம்மை என்ற அளவில்தான் மதித்தார். அதில் கலை எதுவும் இல்லை என்பது அவர் கருத்து. ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் அந்தக் கோபுரத்தைக் குறைகூறியதையும் எடுத்துச் சொல்லி, அதை ஒப்புக்கொள்கிறார்.

(காந்தி மனம் பறிகொடுத்த அந்தத் தேவாலயத்தில் 2019 ஏப்ரலில் பெரும் தீ பிடித்தது. கூரை எரிந்து விழுந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டுச் சீரமைத்து, 2024 டிசம்பரில் மறுபடியும் திறந்தார்கள்.)

இங்கே ஒரு சின்ன விஷயம். 'சத்திய சோதனை'யில் காந்தி இந்தப் பொருட்காட்சியை 1890 என்று எழுதுகிறார். பொருட்காட்சி நடந்ததோ 1889 மே முதல் அக்டோபர் வரை. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து எழுதியது அல்லவா? எவ்வளவு பெரியவராக இருந்தாலும் நினைவு கொஞ்சம் ஏமாற்றிவிடும். நீங்கள் ஊருக்குப் போனால் பார்த்ததை அன்றைக்கே தேதி போட்டு எழுதி வைத்துவிடுங்கள்!

கோபுரமும் நேருவும் ஒரே வயது!

அடுத்த மாணவர் ஜவாஹர்லால் நேரு. ஈபிள் கோபுரம் 1889ஆம் ஆண்டு மார்ச்சில் கட்டி முடிக்கப்பட்டது. அதே 1889 நவம்பர் 14ஆம் தேதி அலகாபாத்தில் நேரு பிறந்தார். கோபுரம் அவருக்கு எட்டு மாத அக்கா!

நேருவின் அப்பா மோதிலால் பெரிய வக்கீல். நிறைய வசதி. 1905இல் நேருவை இங்கிலாந்தில் ஹாரோ பள்ளியில் சேர்த்தார். அதன்பின் கேம்பிரிட்ஜில் வேதியியல், நிலவியல் என்னும் ஜியாலஜி, தாவரவியல் மூன்றையும் படித்தார் நேரு.

அந்தக் காலத்தில்தான் மனிதன் பறக்கப் பழகிக்கொண்டிருந்தான். 1903 டிசம்பர் 17ஆம் தேதி அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் விமானத்தை முதன்முதலில் பறக்கவிட்டபோது அது காற்றில் இருந்தது வெறும் 12 வினாடி. அப்போது உலகம் அதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ஹாரோ பள்ளி மாணவன் நேருவுக்கோ தலைகால் புரியவில்லை. சீக்கிரமே வார விடுமுறைக்கு ஆகாய மார்க்கமாக இந்தியாவுக்கு வந்துவிட்டுப் போகலாம் போலிருக்கிறது என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதினார்! கப்பலில் நாள் கணக்கில் பயணம் செய்த காலம் அது. இன்று லண்டனிலிருந்து டில்லிக்கு விமானத்தில் சுமார் ஒன்பது மணி நேரம்தான். அந்தச் சிறுவனின் கனவு பலித்துவிட்டது, பார்த்தீர்களா?

பெர்லின் வானில் வந்த அதிசயம்

1909ஆம் ஆண்டு கோடை விடுமுறை. அப்பாவுடன் ஜெர்மனியின் பெர்லின் நகரத்தில் இருந்தார் நேரு. அப்போது கோமகன் செப்பலின் தம் புதிய ஆகாயக் கப்பலில் பெர்லினுக்கு வருகிறார் என்ற செய்தி வந்தது.

ஆகாயக் கப்பல் என்றால் என்ன? சுருட்டு போன்ற வடிவத்தில் ஒரு பிரம்மாண்டமான கூடு. உள்ளே காற்றைவிட இலேசான ஹைட்ரஜன் வாயு நிரப்பிய பைகள். அதனால் அது காற்றில் மிதக்கும். இயந்திரமும் விசிறியும் அதை முன்னே தள்ளும். பெர்லினுக்கு வந்த ஆகாயக் கப்பலின் நீளம் 130 மீட்டருக்கும் அதிகம். நம் ஊர் ரயில் பெட்டிகள் ஐந்தை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, அதைவிட நீளம்!

செப்பலினுக்கு அப்போது 71 வயது. அதற்கு முந்திய ஆண்டு, 1908 ஆகஸ்டில், அவருடைய ஆகாயக் கப்பல் ஒன்று புயல் காற்றில் சிக்கித் தீப்பிடித்துச் சாம்பலானது. இத்தோடு முடிந்தது கதை என்றுதான் அவரும் நினைத்திருப்பார். ஆனால், ஜெர்மானிய மக்கள் விடவில்லை. ஏழை, பணக்காரர் எல்லோரும் தங்களால் முடிந்ததை அனுப்பினார்கள். 60 லட்சம் மார்க்குக்கும் மேல் சேர்ந்துவிட்டது! அந்தப் பணத்தால் அவர் மறுபடியும் கட்டினார், பறந்தார். அதனால்தான் பெர்லினில் அவ்வளவு கூட்டம். டெம்பல்ஹாப் மைதானத்தில் 10 லட்சம் முதல் 20 லட்சம் பேர் வரை கூடியிருந்ததாக நேரு எழுதுகிறார். ஜெர்மானியச் சக்கரவர்த்தியே வரவேற்க வந்திருந்தார். அவர்கள் தலைக்கு மேலே அந்த ராட்சதக் கப்பல் அழகாக வட்டமிட்டது.

நேரு தங்கியிருந்த ஹோட்டலில் அன்று எல்லா விருந்தினர்களுக்கும் செப்பலின் படம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அந்தப் படத்தை நேரு தொலைக்கவே இல்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துச் சிறையில் சுயசரிதை எழுதியபோது, அது இன்னும் தம்மிடம் இருப்பதாக எழுதினார்!

கோபுரத்துக்கு மேலே விமானம்!

சுமார் இரண்டு மாதம் கழித்து, நேரு பாரீஸில் இருந்தார். 1909 அக்டோபர் 18ஆம் தேதி. திடீரென்று வானத்தில் சத்தம். லம்பேர் என்ற பிரபு ஒரு சின்ன விமானத்தில் நகரத்தின் மேலே பறந்து வந்தார். வீடுகள், தெருக்கள் எல்லாவற்றையும் தாண்டி, ஈபிள் கோபுரத்துக்கும் மேலே எழும்பி, அதைச் சுற்றிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போனார்! மொத்தம் சுமார் 50 நிமிடம். லம்பேருக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ரைட் சகோதரர்களில் ஒருவரான வில்பர்.

12 வினாடி எங்கே, 50 நிமிடம் எங்கே! இடையில் ஆறே ஆண்டுகள். அந்த அதிசயத்தைக் கண்ணால் கண்டார் 19 வயது நேரு.

இதில் இன்னொரு வேடிக்கை. ஈபிள் கோபுரத்துக்கு முதலில் கொடுத்த அனுமதி 20 ஆண்டுகளுக்கு மட்டும்தான். 1909 முடிந்ததும் அதைப் பிரித்துப் போட்டிருக்கலாம்! ஆனால், உயரமான அந்தக் கோபுரம் கம்பியில்லாத் தந்திக்கு மிகவும் உபயோகமாக இருந்தது. அதனால் பிழைத்துக்கொண்டது. அலங்காரத்துக்காக நின்றிருந்தால் ஒருவேளை விழுந்திருக்கும். வேலை செய்ததால் நிற்கிறது!

ஆபத்தில் முடிந்திருக்க வேண்டிய குளியல்

எல்லா உல்லாசப் பயணமும் சிரிப்பாகவே முடிவதில்லை. அடுத்த ஆண்டு, 1910இல், கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றதும் நேரு நார்வே நாட்டுக்குப் போனார். மலைப் பகுதியில் வெகுதூரம் நடந்து, வியர்த்து, களைத்து ஒரு சின்ன விடுதிக்கு வந்தார்கள். குளிக்க வேண்டும் என்றார்கள். அந்த விடுதியில் குளியலறையே இல்லை! பக்கத்தில் ஓடும் ஓடையில் குளித்துக்கொள்ளுங்கள் என்று சின்னத் துண்டுகளைக் கொடுத்தார்கள்.

நேருவும் ஓர் ஆங்கிலேய இளைஞரும் போனார்கள். பனிமலை உருகி இரைச்சலோடு ஓடிவரும் காட்டாறு அது. ஆழம் அதிகமில்லை. ஆனால், அடியில் பயங்கர வழுக்கல். தண்ணீரோ ஐஸ்! கால் வைத்த நேரு வழுக்கி விழுந்தார். அந்தக் குளிரில் கை கால் மரத்துப்போயிற்று. எழுந்திருக்க முடியவில்லை. வெள்ளம் அவரை விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு போனது.

நல்லவேளை! கூட வந்த இளைஞர் எப்படியோ கரையேறிவிட்டார். கரையோரமாகவே ஓடி, நேருவின் காலை எட்டிப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். அதற்கப்புறம்தான் தெரிந்தது, இன்னும் இருநூறு முந்நூறு கஜம் போயிருந்தால் அந்த ஆறு மிகப் பெரிய பாறை விளிம்பிலிருந்து அருவியாக விழுகிறது என்று! ஊர் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போகும் அருவி அது.

குழந்தைகளே, இந்த இடத்தை இன்னொரு முறை படியுங்கள். அன்று அந்த இளைஞரின் கை ஒரு நொடி தாமதித்திருந்தால், சுதந்திர இந்தியாவின் முதல் பிரதமர் வேறு ஒருவராக இருந்திருப்பார். முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று நினைக்காதீர்கள். ஓடுகிற தண்ணீருக்கு ஆளைத் தள்ளும் பலம் உண்டு. மிகவும் குளிர்ந்த தண்ணீரில் நீச்சல் தெரிந்தவருக்கும் சில நிமிடங்களில் கை கால் ஓய்ந்துவிடும். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

லீவில் ஆறு, அருவி, கல்குவாரிக் குட்டை, கடல் எங்கே போனாலும் பெரியவர்கள் இல்லாமல் இறங்காதீர்கள். யாராவது தண்ணீரில் தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். உரக்கக் கத்தி ஆட்களைக் கூப்பிடுங்கள். கரையில் இருந்தபடியே கம்போ, கயிறோ, துணியோ நீட்டுங்கள். நேருவைக் காப்பாற்றியவரும் மறுபடி தண்ணீருக்குள் பாயவில்லை. கரையோரமாக ஓடித்தான் பிடித்தார் என்பதைக் கவனியுங்கள்.

யார் சொன்னது சரி?

இப்போது கோபுரத்துக்குத் திரும்பி வருவோம். நேரு பாரீஸில் விமானத்தை வாய்பிளந்து பார்த்த அதே 1909ஆம் ஆண்டின் கடைசியில், காந்தி லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அந்தக் கப்பலில் உட்கார்ந்து ஒரு புத்தகம் எழுதினார். பெயர் 'இந்திய சுயராஜ்யம்'. இயந்திரங்களை நம்பி ஓடும் நாகரிகம் மனிதனுக்கு நன்மை செய்யாது என்பது அந்தப் புத்தகத்தில் அவர் சொன்ன கருத்துகளில் ஒன்று!

ஒருவருக்கு இயந்திரம் என்றால் ஆசை, இன்னொருவருக்குச் சந்தேகம். இவர்கள் இருவரும் 1916இல் லக்னோ காங்கிரசின்போது சந்தித்தார்கள். அன்றுமுதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாகப் பாடுபட்டார்கள். இயந்திரம் பற்றிய வாதம் மட்டும் தீரவே இல்லை. அதற்காக ஒருவர் மேல் ஒருவர் வைத்த அன்பும் குறையவில்லை.

யார் சொன்னது சரி என்று கேட்கிறீர்களா? இன்று விமானத்தில் மருந்தும் போகிறது, குண்டும் போகிறது. நீங்களே யோசியுங்கள். வீட்டில் அப்பா அம்மாவோடு பேசிப் பாருங்கள்.

நீங்களும் செய்யலாம்!

காந்தி சிக்கனமாக, கால்நடையாகப் பார்த்தார். நேரு வசதியாக, பெரிய ஹோட்டலில் தங்கிப் பார்த்தார். பணம் வேறு, வழி வேறு. ஆனால் இருவருமே கண்ணைத் திறந்துவைத்துப் பார்த்தார்கள். பார்த்ததைப் பற்றி யோசித்தார்கள். அதற்கு பாரீஸ் வரை போக வேண்டியதில்லை. பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போகிற பக்கத்து ஊரே போதும்.

இந்த விடுமுறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் பார்த்தது. இரண்டாவதில் செலவு, ஐஸ்கிரீம் வாங்கியதையும் மறைக்காமல் எழுத வேண்டும்! மூன்றாவதில் உங்களுக்குத் தோன்றியது. எல்லோரும் ஆகா ஓகோ என்று சொன்ன ஒன்று உங்களுக்குப் பிடிக்கவில்லையா? தைரியமாக எழுதுங்கள். யாரும் கவனிக்காத ஒரு பழைய மண்டபம் பிடித்திருக்கிறதா? அதையும் எழுதுங்கள். தேதி போட மறக்காதீர்கள்.

இருபது ஆண்டுகள் கழித்து அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள். அதன் அருமை அப்போது தெரியும். பத்திரமாகப் போய் வாருங்கள், பிள்ளைகளே!

தெரிந்துகொள்ளுங்கள்!

* ஈபிள் கோபுரத்தைக் கட்டி முடிக்க ஆன காலம் சுமார் இரண்டு ஆண்டு இரண்டு மாதம்.

* அதில் 18,000க்கும் மேற்பட்ட இரும்புப் பாகங்கள் உள்ளன. அவற்றை இணைக்கும் தறையாணிகள் 25 லட்சம்.

* உச்சியில் உள்ள ஆன்டெனாவையும் சேர்த்து இன்று அதன் உயரம் 330 மீட்டர்.

* நேரு 1927ஆம் ஆண்டு மறுபடியும் பாரீஸில் இருந்தபோது, அமெரிக்க விமானி லிண்ட்பர்க் அட்லாண்டிக் கடலைத் தன்னந்தனியாக நிற்காமல் பறந்து கடந்து அங்கே வந்து இறங்கினார். பறந்த நேரம் 33 மணிக்கும் மேல்!